கயிற்றுப் பெட்டி: எங்கள் குப்பத்தில் ஒரு கரைமீட்பு நிலையம் அமைத்த பதிவு

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய எங்கள் குப்பத்தில் மணல் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம்தான் மிச்சம். மீதியெல்லாம் கருங்கல். கரை நெடுகக் கொட்டிய கல், கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள், இரண்டு வளைவுக்கு நடுவே ஒதுங்கிய மணலில் வரிசையாக ஃபைபர் போட்டுகள். மாலையில் காற்று வாங்க ஊருக்குள்ளிருந்து ஆட்கள் வருவார்கள். காணும் பொங்கலன்று கேட்கவே வேண்டாம். வளைவின் நுனிவரை நடந்துபோய் நின்று செல்போனில் படம் எடுப்பார்கள். பாசி பிடித்த கல்லில் கால் வைத்தால் அவ்வளவுதான்.

விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்திருந்தாலும் அந்த இடத்தில் பெரிய பயன் இல்லை. அலை கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர், திரும்பிப் போக வழி தேடி வளைவின் பக்கவாட்டை ஒட்டியே கடலுக்குள் ஓடும். மேலிருந்து பார்த்தால் அலை குறைந்த நல்ல இடமாகத் தெரியும். இறங்கினால் வெளியே இழுத்துக்கொண்டு போகும். எதிர்த்து நீந்தியே பலர் களைத்துப்போகிறார்கள். அடுத்த அலை தூக்கிக் கல்லில் மோதும். கல் முழுக்கச் சிப்பி ஒட்டியிருப்பதால் உடம்பைக் கிழித்துவிடும். காப்பாற்றக் குதிப்பவருக்கும் இதே கதிதான். போட்டில் போகலாம் என்றால், கல்லுக்குப் பக்கத்தில் அலை போட்டையே தூக்கி அடிக்கும். பின்னால் நீண்டிருக்கும் இன்ஜின் விசிறி தண்ணீரில் தத்தளிப்பவரையே வெட்டிவிடும்.

கரையில் நின்றபடி கயிறு போட்டு இழுப்பதுதான் இந்தக் கல்கரைக்குப் பொருந்தும் வழி. அதற்காக ஒரு கயிற்றுப் பெட்டி, ஒரு வட்ட மிதவை, கயிற்றில் ஓடும் ஒரு கால்சட்டை மிதவை, இந்த மூன்றையும் செய்து வளைவின் அடியில் வைத்திருக்கிறோம். நான் ஃபைபர் போட்டு பழுது பார்ப்பவன். மரவேலைக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர், தையலுக்கு என் அக்கா, கடலறிவுக்கு என் மாமா, இழுக்கவும் ஓடவும் குப்பத்துப் பசங்க. வேறு குப்பத்தில் யாராவது செய்ய நினைத்தால் உதவட்டும் என்றுதான் அளவோடு எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்தக் கல் ஏன் இங்கே வந்தது என்று சொல்லிவிட வேண்டும். சென்னைக்கு இயற்கையாகத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகையைப் பலகையோடு தைத்த படகு அது. அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. அந்தப் படகுக்குத் துணையாகக் கட்டுமரங்கள் போகும். படகு கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்கிவர வேண்டியது கட்டுமரக்காரர்களின் பொறுப்பு. வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த மதராஸ் பயணக் குறிப்புகளில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். நம் கரையில் உயிர்மீட்பு ஒரு தொழிலாகவே இருந்திருக்கிறது என்பதை எங்கள் பசங்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். அவர்கள் கொள்ளுத்தாத்தாக்கள் செய்த வேலை அது.

1875இல் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயலில் அதன் சுவர்கள் சிதைந்து, மறுபடி கட்டினார்கள். வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி வெள்ளம் (வெள்ளம் என்றால் எங்களுக்குக் கடல் நீரோட்டம்) மணலையும் சேர்த்து நகர்த்தும். கடலுக்குள் நீட்டிய துறைமுகச் சுவர் அந்த மணலைத் தெற்கிலேயே தடுத்துவிட்டது. அங்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து கரை அரிக்கத் தொடங்கியது, தெருவும் வீடும் கோயிலும் போயின. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். 2017 ஜனவரி இறுதியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளி வாளியாக அள்ளியதும் இந்தக் கற்களின் இடுக்கிலிருந்துதான். கட்டுமரம் சறுக்கிவிட மணல் இருந்த காலத்தின் மீட்புமுறை இன்றைக்கு அப்படியே செல்லாது. கல்லுக்கு வேறு முறை வேண்டும்.

அந்த வேறு முறையைத் தேடிப் போனபோதுதான் பழைய கரைமீட்பு நிலையங்களின் வரலாறு கிடைத்தது. படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்தில் 1789இல் ஒரு கப்பல் கரைதட்டி, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் செத்தார்கள். அதன் பிறகு ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய மீட்புப் படகு 1790இல் நீரில் இறங்கியது. வில்லியம் ஹில்லாரியின் முயற்சியால் 1824இல் தொடங்கிய உயிர்மீட்பு அமைப்புதான் இன்றைக்கு ஆர்.என்.எல்.ஐ. என்ற பெயரில் பிரிட்டன், அயர்லாந்து கரைகளில் வேலை செய்கிறது. படகு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது ஜார்ஜ் மேன்பியின் கதை. 1807இல் யார்மவுத் கரைக்கு மிக அருகில் 'ஸ்னைப்' என்ற போர்க்கப்பல் சிக்கி, கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே ஏராளமானோர் மாண்டார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒரு கயிறு போய்ச் சேரவில்லை. மேன்பி சிறு பீரங்கியில் குண்டோடு கயிற்றைக் கட்டிச் சுட்டுப் பார்த்தார். 1808 பிப்ரவரியில் 'எலிசபெத்' என்ற கப்பலின் ஏழு பேரையும் அந்தக் கயிறு கரைசேர்த்தது.

அமெரிக்காவில் 1848 முதல் நியூஜெர்சி கரையில் அரசு நிலையங்கள் வந்தன. 1871இல் சம்னர் கிம்பல் பொறுப்பேற்றபோது பல நிலையங்களில் சாமான் துருப்பிடித்துக் கிடந்தது, ஆட்களுக்குப் பயிற்சி இல்லை. அவர் எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். 1878இல் அது தனித் துறையானது, 1915இல் வேறொரு துறையோடு சேர்ந்து அந்நாட்டுக் கடலோரக் காவல் படையானது. டேவிட் லைல் என்ற ராணுவ அதிகாரி 1870களின் இறுதியில் வடிவமைத்த சிறு வெண்கலப் பீரங்கி, கயிற்றை அரை கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுபோகும். அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். சுடும்போது கயிறு சிக்கலில்லாமல் பறந்து கிளம்ப, அதை அடுக்கிவைக்கும் பெட்டி. பீரங்கி நமக்கு வேண்டாம், சட்டமும் விடாது. வளைவு மேலே நின்றால் விழுந்தவர் பெரும்பாலும் கைவீச்சுத் தூரத்தில்தான் இருப்பார். ஆனால் அந்தப் பெட்டி கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஏன் என்றால், ஆபத்து நேரத்தில் எங்கள் கரையில் கயிறு இல்லாமல் போவதே இல்லை. போட்டுக்கு போட்டு கயிறு கிடக்கிறது. சுருட்டிப் போட்ட கயிறு எடுத்து வீசும்போது முடிச்சு விழும், அதை அவிழ்ப்பதற்குள் ஆள் போய்விடுவார். என் நைனா காலத்திலிருந்து கேட்டுவரும் துக்கக் கதைகளில் பாதி இதுதான்.

பெட்டியின் அமைப்பைச் சொல்கிறேன். மூன்று உறுப்பு. ஒன்று, ஊசிப்பலகை: கனமான மெரைன் ப்ளைவுட்டில் நீளவாக்கில் இரண்டு வரிசையாக அலுமினியக் கம்பிகள் நட்டது. இரண்டு, ஓட்டைப்பலகை: அதே இடங்களில் ஓட்டை போட்ட மெல்லிய ப்ளைவுட், கம்பிகளுக்குள் நுழைந்து ஊசிப்பலகை மேல் படுத்துக்கொள்ளும். மூன்று, அடி மூடிய பெட்டி. உள்ளளவு 60 செ.மீ. நீளம், 32 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். ஆசாரி ஊசிப்பலகையை முடித்து வெயிலில் வைத்திருந்தபோது மாமா வந்து பார்த்தார். "இன்னா மாப்ள இது, பேன் சீப்பு கணக்கா கீது?" என்றார். அதற்குப் பிறகு அதற்குச் சீப்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஓட்டை போடும்போது இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து க்ளாம்ப் போட்டு ஒரே மூச்சில் துளைக்க வேண்டும். தனித்தனியாக அளந்து துளைத்தால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கம்பிகள் நுழையாது. பிறகு மெல்லிய பலகையின் ஓட்டைகளை மட்டும் கம்பியின் கனத்தைவிட ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதாக்கினோம். கடற்காற்றில் ப்ளைவுட் ஊதும், அந்த இடைவெளி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சீப்பு இறுகிப்போகும். ஓட்டையின் உட்சுவருக்கெல்லாம் ரெசின் தடவினேன். கம்பிகளின் நுனியை அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு, கடைசியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். நுனியில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் கயிற்றின் இழை அதில் மாட்டும். விரலால் தடவிப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் விட்டோம்.

கயிறு 6 மி.மீ. பிபி (பாலிப்ரொப்பிலீன்), 60 மீட்டர். நைலான் பலம் அதிகம்தான், ஆனால் தண்ணீரில் மூழ்கும், நனைந்தால் பலமும் கொஞ்சம் குறையும். மூழ்கிய கயிறு கல்லிடுக்கில் சிக்கும். பிபி தண்ணீரைவிட லேசு, மேலேயே மிதக்கும், தத்தளிப்பவர் கண்ணில் படும். காசிமேட்டுக் கடைகளில் மஞ்சளும் ஆரஞ்சும் கிடைக்கும். பச்சையும் நீலமும் கடலில் தெரியாது, வாங்க வேண்டாம். புதுப் பிபி கயிறு விறைப்பாக இருக்கும், முறுக்கும் நிற்கும். அதைப் போட்டின் பின்னால் கட்டி நடுக்கடலில் இழுத்துக்கொண்டு போய் முறுக்கை எடுத்தோம். வலைக்கயிற்றுக்கு எல்லாரும் செய்வதுதான்.

அடுக்குவது இப்படி. கயிற்றின் வீசும் முனையைப் பலகையின் மூலையில் ஒரு கையளவு வெளியே விட்டு, முதல் கம்பியில் தொடங்கி எதிர்வரிசைக்குக் குறுக்கே, அங்கிருந்து இந்த வரிசைக்கு, இப்படி மாறிமாறிக் கடைசிக் கம்பிவரை. திரும்பி அதே வழியில் அடுத்த அடுக்கு. இழுத்துக் கட்டக் கூடாது, தொய்யவும் விடக் கூடாது. ஏழு அடுக்கில் 60 மீட்டரும் உட்காரும். முடிந்ததும் பெட்டியை அதன் மேல் கவிழ்த்துக் கொக்கி மாட்டி, மொத்தத்தையும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இப்போது சீப்பு மேலே இருக்கும். இரண்டு பேர் ஓட்டைப்பலகையை அழுத்திப் பிடிக்க, ஒருவர் சீப்பை நேராக மேலே உருவுவார். பிறகு ஓட்டைப்பலகையையும் மெல்ல எடுத்தால், கம்பி இல்லாமல் கயிறு மட்டும் வரி வரியாக உட்கார்ந்திருக்கும். முதலில் சுற்றிய முனை மேலே வந்திருக்கும், அதுதான் வீசும் முனை. அடி முனையைப் பெட்டியின் ஓட்டை வழியாக வெளியே எடுத்துக் கல்லில் பதித்த வளையத்தில் கட்டிவிட வேண்டும். கையில் பிடித்த முனையும் சேர்ந்து தண்ணீருக்குள் பறந்துபோன கதைகள் எல்லாக் கரையிலும் உண்டு.

வீசும் முனையில் கனத்துக்கு இரும்பு கூடாது, யார் தலையிலாவது பட்டால் மீட்பே கொலையாகிவிடும். அக்கா தார்பாய்த் துணியில் தைத்த சிறு பையில் மணல் பாதி, வலை மிதப்புத் துண்டு பாதி போட்டோம். மிதக்கவும் செய்யும், காற்றைக் கிழித்துப் போகவும் கனம் போதும். கைக்கீழ் வீச்சில் வீச வேண்டும். ஆளின் மேல் குறி வைக்காமல், அவரைத் தாண்டி, வெள்ளம் வரும் பக்கமாகப் போட்டால் கயிறு தானே மிதந்து அவர் கைக்கு வரும்.

அடுத்து வட்ட மிதவை. உடைத்துப்போட்ட பழைய லாஞ்சு (பெரிய விசைப்படகு) ஒன்றிலிருந்து கிடைத்தது. உள்ளே நுரை, மேலே ஃபைபர் ஓடு, ஒரு பக்கம் கை நுழையும் அளவுக்கு விரிசல். தூக்கினாலே கனம் தெரிந்தது, நுரை தண்ணீர் குடித்திருந்தது. கடலில் இருந்து வரும் எந்த மிதவையையும் முதலில் எடைபோட்டுப் பாருங்கள். கப்பல்களுக்கான சர்வதேச விதிப்படி வட்ட மிதவை குறைந்தது 2.5 கிலோ இருக்க வேண்டும், வெளி விட்டம் 80 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, உள் விட்டம் 40 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மிக லேசாக இருந்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால்தான் அந்தக் கீழ்வரம்பு. எங்களுடையது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது, எல்லாம் உப்புத்தண்ணீர்.

விரிசலை அகலமாக்கி, பழுத்து ஊறிய நுரையைச் சுரண்டி எடுத்து, ஓட்டின் உட்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தேன். உள்ளே நிரப்ப இரண்டு திரவம் கலக்கும் பியூ (பாலியூரிதேன்) நுரை. தெர்மாகோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். பாலியஸ்டர் ரெசின் பட்டதும் தெர்மாகோல் கரைந்து உள்ளே பள்ளம் விழும், வெளியே ஓடு பார்க்க நன்றாக இருக்கும், ஆபத்தில் நொறுங்கும். இந்தச் சிக்கனம் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். நுரை காய்ந்தபின் மட்டமாக அறுத்து, பழைய ஓட்டின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, கண்ணாடியிழை மேட் இரண்டு அடுக்கு போட்டு ரெசின் ஊற்றினேன். சாய்வாகத் தேய்க்காமல் ஒட்டினால் புது அடுக்கு பட்டையாக உரிந்துவரும். பிளாஸ்டிக் ஓடு உள்ள மிதவையாக இருந்தால் இந்த முறை ஆகாது, அதில் ரெசின் ஒட்டாது, சூடு வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

சோதனைக்கு விதியில் ஒரு அளவு இருக்கிறது: 14.5 கிலோ இரும்பைக் கட்டி நல்ல தண்ணீரில் 24 மணி நேரம் மிதக்க வேண்டும். தண்ணீருக்குள் இரும்பு கொஞ்சம் எடை இழக்கும், அதனால் மிதவை உண்மையில் தாங்குவது சுமார் 12.6 கிலோ. மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் தலையையும் தோளையும் நீருக்கு மேல் நிறுத்த அது போதும், ஏனென்றால் மீதி உடம்பை நீரே தாங்கிக்கொள்ளும். மீன் ஏலத் தராசில் பழைய இன்ஜின் சாமான்களை நிறுத்துச் சேர்த்து, தெருவின் தண்ணீர்த் தொட்டியில் கட்டிவிட்டோம். மறுநாளும் மிதவை நின்றது. எடுத்து எடைபோட்டதில் கூடவில்லை, அதாவது எங்கேயும் கசிவில்லை.

சுற்றிலும் பிடிகயிறு 10 மி.மீ., நான்கு இடத்தில் சம இடைவெளியில் கட்டியது. விதியில் 9.5 மி.மீ.க்குக் குறையாமல், வெளி விட்டத்தைப் போல் நான்கு மடங்கு நீளம் என்று இருக்கிறது. விறைத்த விரல் மெல்லிய கயிற்றைப் பிடிக்க முடியாது என்பதை நடுக்கடலில் மழையில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டினோம். ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது கரையில் வைக்கத்தான். கப்பலுக்கோ லாஞ்சுக்கோ சான்று பெற்ற மிதவைதான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, கால்சட்டை மிதவை. பழைய நிலையங்களின் பெருமையே இதுதான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தடித்த கயிறு கட்டி, அதில் கப்பி ஓட, கப்பியில் வட்ட மிதவை தொங்க, மிதவைக்குள் கேன்வாஸ் கால்சட்டை தைத்திருக்கும். ஆள் அதில் காலை விட்டு உட்கார்ந்தால் போதும், கரையில் இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். வடகிழக்குப் பருவமழையில் நங்கூரம் அறுந்து கல்லில் ஏறும் லாஞ்சுகளுக்கு இது நிச்சயம் உதவும் என்று எனக்குப் பட்டது. அக்கா கேன்வாஸை இரட்டையாக மடித்து, தொடைப் பக்கம் சீட்பெல்ட் பட்டை வைத்துத் தைத்தார். தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் பித்தளை வளையம் போட்ட ஓட்டைகள்.

இதில் கஷ்டமான பகுதி கரைப்பக்க நங்கூரம். பழைய நிலையத்தார் இரண்டு பலகையைக் குறுக்காகப் பிணைத்து மணலில் புதைப்பார்கள். நமக்குப் புதைக்க மணல் இல்லை. பெரிய கல்லைச் சுற்றித் தடித்த கயிற்று வளையம் போட்டோம். கருங்கல்லின் விளிம்பு கத்திதான், அலையில் கயிறு முன்னும் பின்னும் அசைந்தால் சீக்கிரம் அறுத்துவிடும். லாரி டயரின் பக்கச் சுவரை வெட்டி விளிம்புகளில் மடித்து வைத்து, அதன் மேல் கயிறு ஓடவிட்டோம். எண்ணூர் சாலையில் டயருக்குப் பஞ்சமில்லை. கயிற்றை உயர்த்திப் பிடிக்க இரண்டு சவுக்குக் கம்பைக் கத்தரியாகக் கட்டினோம். உயரம் இல்லாவிட்டால் நடுவில் கயிறு தொய்ந்து ஆள் அலைக்குள் இழுபடுவார்.

கப்பலுக்குப் போகும் கப்பியோடு பழைய நிலையத்தார் ஒரு மரச்சீட்டும் கட்டி அனுப்புவார்கள். அதில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், கப்பியை எங்கே கட்ட வேண்டும், கட்டியதும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். கரையிலிருந்து கத்தினால் காற்றில் கேட்காது. நாங்கள் தமிழிலும் தெலுங்கிலும் எழுதினோம், இங்கே லாஞ்சுகளில் ஆந்திரப் பையன்கள் நிறைய பேர். "கப்பி வாலை உயரமான இடத்தில் இறுக்கிக் கட்டவும். கயிறு கப்பியில் தடையில்லாமல் ஓடுகிறதா பார்க்கவும். பிறகு கை காட்டவும்." இவ்வளவுதான். கப்பி வால் என்பது கப்பியில் தொங்கும் கட்டுக்கயிறு. எழுத்துக்கள் இரும்புக் கம்பியால் சுட்டவை, பெயிண்ட் உரிந்துவிடும்.

முதலில் மணல் மூட்டையை ஏற்றி இழுத்தோம், பிறகு லைஃப் ஜாக்கெட் போட்ட அக்கா மகன். நங்கூரமிட்ட போட்டிலிருந்து வளைவுவரை. போட்டு ஆடும்போது கயிறு இறுகி விடுகிறது, தளர்கிறது. அதனால் கரையில் இறுக்கக் கயிற்றைக் கட்டிவைக்காமல் நான்கு பேர் பிடித்து, அலையோடு விட்டும் இழுத்தும் கொடுக்க வேண்டும். மாமா அதைக் கண்டதும் தானே முன்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். பெரிய வலை இழுத்த கை, அலையின் தாளம் அவருக்குள்ளேயே இருக்கிறது. "வுடு, வுடு... இப்ப இயு" என்று அவர் சொல்லச் சொல்லப் பையன் கால் நனையாமல் வந்தான். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை.

சாமான் செய்வதைவிடப் பயிற்சிதான் பெரிய வேலை. கிம்பலின் நிலையங்களில் வாரம் முழுக்கக் கிரமம் இருந்தது: ஒரு நாள் சாமான்களைப் பிரித்துச் சரிபார்ப்பது, ஒரு நாள் அலையில் படகு இறக்குவது, ஒரு நாள் கொடி சமிக்ஞை, ஒரு நாள் கயிறும் கால்சட்டை மிதவையும், ஒரு நாள் மூழ்கியவருக்கு உயிரூட்டுவது. கப்பலின் பாய்மரத்துக்குப் பதிலாகக் கரையில் ஒரு கம்பம் நட்டு, அதற்குக் கயிறு சுட்டு, ஆளை இறக்கும்வரை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இருட்டிலும் செய்வார்கள்.

அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது வட கரோலினாவின் பீ ஐலண்ட் நிலையம். அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் எதெரிட்ஜ் 1880இல் அதன் தலைவரானார். அமெரிக்காவில் ஒரு மீட்பு நிலையத்துக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர். அவரோடு வேலை செய்தவர்களும் கறுப்பர்கள். 1896 அக்டோபர் 11 அன்று சூறாவளியில் 'இ. எஸ். நியூமன்' என்ற பாய்க்கப்பல் கரைதட்டியது. கரை முழுக்கத் தண்ணீர் ஏறியிருந்ததால் மணலில் நங்கூரம் புதைக்க முடியவில்லை, பீரங்கியும் கால்சட்டை மிதவையும் பயன்படவில்லை. எதெரிட்ஜ் இரண்டு பேரைக் கயிற்றால் பிணைத்து அலைக்குள் அனுப்பினார். கயிற்றின் மறுமுனை கரையில் நின்றவர்கள் கையில். இப்படி மாறிமாறிப் போய், கப்பல் தலைவனின் மனைவி, சின்னக் குழந்தை உட்பட ஒன்பது பேரையும் ஒருவர்கூட விடாமல் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது 1996இல், நூறு வருடம் கழித்து. கடல் தொழில் செய்யும் சாதி என்று எங்களை ஒதுக்கிப் பேசியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த நூறு வருடத் தாமதம் என்னைக் கோபப்படுத்துகிறது. பசங்களிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் செல்போனைத் தொடவில்லை.

எங்கள் பயிற்சி ஞாயிற்றுக்கிழமை, லாஞ்சு போகாத நேரம். கயிறு வீசுவது, பெட்டியை மறுபடி அடுக்குவது, உயிரூட்டுவது. கடைசியது பற்றி அழுத்திச் சொல்கிறேன். மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் எங்கள் கரையில் நடக்கிறது. அதை நிறுத்த வேண்டும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாய்வழி மூச்சு கொடுக்க வேண்டும், மூழ்கியவருக்குக் குறைவது காற்றுதான். பிறகு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம் அமுங்கும்படி, 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. 108 வரும்வரை விடக் கூடாது. பயிற்சி பெற்ற ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், எழுத்தில் படித்தால் கைக்கு வராது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554. இரண்டு எண்ணையும் பெட்டி மூடியின் உட்பக்கம் சுட்டு எழுதியிருக்கிறோம்.

லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் கயிற்றைத் தொடக் கூடாது என்பது மாமா போட்ட சட்டம். முதலில் பசங்க முனகினார்கள். 1861இல் விட்பி ஊரில் மீட்புப் படகு கவிழ்ந்து பதின்மூன்று பேரில் ஒருவர் மட்டும் பிழைத்த கதையைச் சொன்னேன். ஹென்றி ஃப்ரீமன் என்ற அவர் மட்டும்தான் அப்போது புதிதாக வந்திருந்த தக்கை ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். முனகல் நின்றது.

பெட்டிக்குப் பூட்டு போடலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. கயிறும் கப்பியும் காணாமல் போகும் என்றார்கள், நியாயமான பயம்தான். ஆனால் சாவி யார் வீட்டில் என்று தேடும் நேரத்தில் ஆள் போய்விடுவார். பூட்டுக்குப் பதில் வலை நூலால் ஒரு கட்டு. இழுத்தால் அறுந்துவிடும், அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று தெரியும். பெட்டிக்கு முன்னால் வண்டி நிறுத்தி ஐஸ் விற்கும் அண்ணன் தினமும் அந்த நூலைப் பார்த்துச் சொல்வார்.

பராமரிப்பு: வெயில் பிபி கயிற்றைத் தின்றுவிடும். கையால் தேய்த்தால் மாவு மாவாக உதிர்ந்தாலோ, முறுக்கைப் பிரித்தால் உள் இழையின் நிறம் வெளியைவிட அழுத்தமாக இருந்தாலோ கயிற்றை மாற்றிவிட வேண்டும். எப்படியிருந்தாலும் வருடம் ஒருமுறை, மழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னால், மாற்றுவது என்று வைத்திருக்கிறோம். பழையது வலைக்கட்டுக்கு ஆகும். பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே அடுக்க வேண்டும், உப்புப் படிந்த கயிறு ஒன்றோடொன்று ஒட்டும். கப்பி உருளைக்கு கிரீஸ் வேண்டாம், மணல் பிடிக்கும்.

வடக்கே அடுத்த வளைவுக்கு இரண்டாவது பெட்டி ஆசாரி பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வளைவு நீளம், நுனியில் தண்ணீர் ஆழம், அதனால் கயிறு 90 மீட்டர், சீப்புக் கம்பி 28 செ.மீ. உயரம். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு கல்மேல் ஓடும்படி தோள்பட்டையும் வைக்கிறோம். ஓட்டைப்பலகைக்கு ப்ளைவுட் எடுக்காமல் ஃபைபர் தகடே ஊற்றிவிட்டேன், அது ஊதாது.